ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும்: பழைய குஷன் நாற்காலியை மீட்டெடுக்க ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூண்களுக்கும் கதவுகளுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் கூட்டம் கூடும். குஷன் வைத்த கை நாற்காலி மட்டும் ஏதாவது ஒரு மூலையில், நார் பிதுங்கி, துணி கிழிந்து குப்புறக் கிடக்கும். வாங்குகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்த்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபோம் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி விலை பேசுவார்கள். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான். குஷன் நாற்காலியின் பழமை அதன் மரத்தில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் நாடாவிலும் ஸ்பிரிங்கிலும் நாரிலும் தையலிலும் பாதி இருக்கிறது. கைப்பிடியின் உயரம், முதுகின் சாய்வு, இருக்கையின் விளிம்பு எல்லாமே அந்த உள்வேலையை மனதில் வைத்து அளந்து செய்யப்பட்டவை. அதை வாரிக் கொட்டிவிட்டு ஃபோம் துண்டை வைத்தால் மிஞ்சுவது பழைய கால்களில் நிற்கும் புது நாற்காலி.

நம் ஊரில் இவை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. இருக்கைக்குள் சுருள் ஸ்பிரிங் வைக்கும் முறை 1820களில் வியன்னாவிலும் லண்டனிலும் காப்புரிமை பெற்றுப் பரவியது. ஆங்கிலேயர்கள் அதை இங்கே கொண்டுவந்தாலும், நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பிரம்பு பின்னிய நாற்காலிதான் ஒத்துவந்தது. குஷன் நாற்காலி பெரும்பாலும் வரவேற்பறைக்கு உரியதாகவே இருந்தது. அப்படி இருந்ததிலும் பெரும்பகுதி பின்னாளில் ஃபோமுக்கும் ரெக்ஸினுக்கும் இரையாகிவிட்டது. அதனால் உள்வேலை கலையாத ஒன்று கையில் சிக்கினால் அதை விட்டுவிடாதீர்கள்.

நான் மீட்டெடுத்த நாற்காலி தேக்குச் சட்டம், கடைந்த முன்கால்கள், பித்தளைச் சக்கரங்கள், ஸ்பிரிங் வைத்த இருக்கை கொண்டது. 1900-ஐ ஒட்டியது என்று கணிக்கிறேன். குஷன் வேலையில் நாற்பது ஆண்டுக்கு மேல் கை தேர்ந்த ஒரு பெரியவரின் பட்டறையில் அவருடன் உட்கார்ந்து ஏழு வாரம் செய்தேன். கீழே சொல்பவை அந்த வரிசையில்தான் வருகின்றன.

வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

நாற்காலியின் உண்மை அதன் அடிவயிற்றில் இருக்கிறது. கடைக்காரரின் அனுமதியுடன் அதைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். சணல் நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அவற்றின் மேல் ஸ்பிரிங்கின் அடிவளையங்கள் தைக்கப்பட்டிருந்தால் நல்ல அடையாளம். நாடா தொங்கிப்போயிருந்தால் கவலை வேண்டாம், அது மாற்றப்பட வேண்டிய பொருள்தான். நாடாவுக்குப் பதில் பிளைவுட் பலகை அறையப்பட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே உள்ளே கை வைத்துவிட்டார்கள்.

திருகாணிகள் பேசும். தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி இருந்தால் அது 1930களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. ஒன்று நாற்காலியே பிந்தியது, அல்லது பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள். கிழிசலுக்குள் மஞ்சளாகப் பொடிந்து கொட்டும் ஃபோம் தெரிந்தால் அது பெரும்பாலும் 1950களுக்குப் பிறகு நுழைந்த பாலியூரித்தேன். அதற்கு அடியில் பழைய நார் மிச்சமிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பல நேரம் இருக்கும். பழைய திணிப்பை எடுக்கச் சோம்பி மேலேயே ஃபோமை ஒட்டியிருப்பார்கள்.

அடுத்து இரு கைப்பிடிகளையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பசை விட்டிருக்கிறது, சரிசெய்யலாம். ஆனால் கால் மேலே சட்டத்தோடு சேரும் இடத்தில் மரம் நெடுக விரிசல் விட்டிருந்தால் யோசியுங்கள். மரத்தை அரிக்கும் பூச்சி கரையானா, உளுவா என்று பார்க்க வேண்டும். கரையான் என்றால் மண் தடம் இருக்கும், மரத்தை விரலால் அழுத்தினால் அட்டைபோல அமுங்கும். உளு, அதாவது மரம் துளைக்கும் வண்டு என்றால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருக்கும். நாற்காலியை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்து மரச் சுத்தியால் நான்கைந்து தட்டுத் தட்டுங்கள். அரிசி மாவுபோல் வெளிர்ப் பொடி புதிதாக உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. துளைகள் இருந்தும் பொடி விழவில்லை என்றால் அது பழைய கதையாக இருக்கலாம். அப்போதும் தனியே சில வாரம் வைத்துக் கவனித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்காக வாங்குபவர்கள் சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறாண்டு ஆகாதது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று பெற வேண்டும். நாற்காலியின் மரச்சட்டம் ஈட்டி மரமாக இருந்தால் இன்னொரு கட்டுப்பாடும் சேரும். அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

பிரிப்பது: எதையும் பிய்க்காமல்

முகக்கவசம் கட்டாயம். நூறாண்டுத் தூசியில் பூஞ்சையும் எலிப் புழுக்கையும் என்னவெல்லாமோ இருக்கும். திறந்த வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

நாற்காலிக்குத் துணி போர்த்திய வரிசைக்கு நேர் எதிராகப் பிரிக்க வேண்டும். முதலில் அடித்துணி, பிறகு முதுகின் வெளிப்புறம், கைப்பிடிகளின் வெளிப்புறம், முதுகின் உள்புறம், கைப்பிடிகளின் உள்புறம், கடைசியில் இருக்கை. ஒவ்வொரு அடுக்கை எடுக்கும் முன்னும் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். விளிம்பின் உயரம், மூலை மடிப்பு, ஸ்பிரிங் கட்டிய விதம் ஆகியவற்றைப் பின்னால் நினைவிலிருந்து மீட்க முடியாது. துணியைக் கிழித்து எறியாமல் துண்டு துண்டாக எடுத்து, எந்தப் பகுதி என்று எழுதி வையுங்கள். புதுத் துணி வெட்ட அதுதான் அளவு.

ஆணி எடுக்க மழுங்கிய உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தி) போதும். உளியின் முனையை ஆணித் தலைக்கு அடியில் வைத்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தட்ட வேண்டும். குறுக்கே தட்டினால் மரம் சில்லாகப் பெயரும். மூலையை நோக்கித் தட்டினால் மூலையே போய்விடும். என் அவசரத்தில் முன்சட்டத்தின் ஓரத்தில் விரல் நீளச் சில்லு ஒன்று பெயர்ந்து வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து, எந்த இடம் என்று எழுதித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அதே சில்லு அதே இடத்தில் ஒட்டப்பட்டது. அன்று முதல் நான் எந்தத் துணுக்கையும் கூட்டித் தள்ளவில்லை.

என் நாற்காலியின் அடுக்குகள் மேலிருந்து இப்படி வந்தன: ரெக்ஸின், அதன் கீழ் ஒரு விரல் கனத்தில் ஃபோம், அதன் கீழ் பூப்போட்ட பருத்தித் துணி, அதற்கும் கீழ் மங்கிய பச்சைக் கம்பளித் துணி. பிறகு காடாத் துணி, பஞ்சு, சுருண்ட கறுப்பு முடி, சாக்குத் துணி, தேங்காய் நார், இன்னொரு சாக்குத் துணி, கடைசியாக ஒன்பது ஸ்பிரிங். அந்தப் பச்சைத் துணியின் ஒரு துண்டு, வெயிலே படாமல் மடிப்புக்குள் இருந்த பகுதி, கிளிப்பச்சையாக அப்படியே இருந்தது. பின்னால் துணியின் நிறத்தை முடிவு செய்தது அந்தத் துண்டுதான்.

இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1919ஆம் ஆண்டுக் காலணா ஒன்று கிடந்தது. நாற்காலியின் வயது தெரிந்துவிட்டது என்று துள்ளினேன். அது தவறான கணக்கு. அந்தக் காசு 1919க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அதை வைத்து வயது சொல்லி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கறுப்புச் சுருள் குதிரை முடியா, ஏதாவது நாரா என்ற ஐயம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்தால் அது விலங்கு முடி, பெரும்பாலும் குதிரை முடி. அதைத் தூக்கி எறியவே கூடாது. மெல்லிய சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, விரலால் பிரித்துவிட்டால் மறுபடி துள்ளிக்கொண்டு எழும். இன்று அதே தரத்தில் வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும்.

சட்டம்

உளு இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசிக் குழலில் ஏற்றித் துளை துளையாகச் செலுத்தி, நாற்காலியை பாலித்தீன் விரிப்பில் இரண்டு வாரம் சுற்றி வைக்க வேண்டும். கையுறை அவசியம்.

பழைய நாற்காலிகளை ஒட்டிய பசை வஜ்ரம், அதாவது தோலிலிருந்து காய்ச்சிய பசை. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும் என்பதுதான் அதன் பெருமை. ஆடும் இணைப்புக்குள் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சற்று நேரம் கழித்து மெல்ல அசைத்தால் கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு, அது செருகியிருக்கும் துளையிலிருந்து முழுசாக வெளியே வரும். இப்படிக் கழற்றிய பிறகு பார்த்தால் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு. எந்தக் கட்டை எங்கே சேர வேண்டும் என்று முதல் தச்சர் போட்ட கணக்கு அது.

கழற்றிய நாக்கிலும் துளையிலும் பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி வஜ்ரமே வையுங்கள். வஜ்ரக் கட்டியை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரி அளவில் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் வலு போய்விடும். வெள்ளைப் பசை எளிது, வலுவும் உண்டு. ஆனால் அது போட்ட இணைப்பை அடுத்த தலைமுறைத் தச்சரால் சேதமின்றிக் கழற்ற முடியாது. அதனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இணைப்பின் உள்ளே ஆணி அடிப்பது அதைவிட மோசம்.

இறுக்கிப் பிடிக்கப் பெரிய கிளாம்ப் இல்லை என்றால் கயிறு போதும். சட்டத்தைச் சுற்றி இரு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். மரத்தில் கயிறு பதியாமல் இருக்க மூலைகளில் துணி மடித்து வையுங்கள். ஒட்டிய கையோடு நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி நான்கு காலும் தரை தொடுகிறதா, மூலைக்கு மூலை அளவு சமமா என்று பார்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

பழைய ஆணித் துளைகளால் சட்டத்தின் ஓரம் சல்லடை ஆகியிருக்கும். மூங்கில் சிம்புகளைப் பசையில் தோய்த்துத் துளைகளில் அடித்து, ஓரத்தோடு வெட்டி, மேலே பசை தடவிய காடாப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் அதே கட்டை இன்னொரு முறை ஆணி தாங்கும்.

பாலிஷ்

குஷன் வேலைக்கு முன்பே மரத்தின் மெருகை முடித்துவிடுங்கள். முதலில் இருப்பது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும். கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அரக்கு, ஒன்றும் ஆகவில்லை என்றால் பிற்கால வார்னிஷ். அரக்கு என்றால் உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். நூறாண்டுக் கைபட்டுக் கைப்பிடி நுனியில் ஏறியிருக்கும் கருமையான வழவழப்பை எந்த பாலிஷ்காரரும் திரும்பக் கொண்டுவர முடியாது. அழுக்கை மட்டும் ஈரப் பஞ்சால் எடுத்து, மெல்லிய அரக்குப் பூச்சைப் பழையதன் மேலேயே ஏற்றினால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் ஷெல்லாக் (அரக்கு) செதில் கரைத்து, வடிகட்டி, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் உருண்டையாகக் கட்டித் தோய்த்து, ஒரே திசையில் இழுங்கள். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கினால் வெண்மூட்டம் படரும். மரத்துக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பயன்படுத்தினால், அதைத் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவை தாமாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, விரித்து, வெளியில் காயவிட வேண்டும்.

நாடா

ஸ்பிரிங் வைக்கும் இருக்கைக்கு நாடா சட்டத்தின் அடிப்புறத்தில் வரும். ஸ்பிரிங் இல்லாத இருக்கைக்கு மேற்புறத்தில் வரும். இதை மாற்றிச் செய்தால் இருக்கையின் உயரமே கெடும். 5 செ.மீ. அகலச் சணல் நாடா வாங்குங்கள். கட்டிலுக்குப் போடும் பருத்தி நாடா சீக்கிரம் தொய்ந்துவிடும்.

நாடாவின் நுனியை 2.5 செ.மீ. மடித்து, அகலத் தலையுள்ள குட்டை ஆணி ஐந்தை நேர்வரிசையில் அடிக்காமல் மேலும் கீழுமாக அடிக்க வேண்டும். ஒரே ரேகையில் ஐந்தும் இறங்கினால் கட்டை பிளக்கும். எதிர்ப்புறம் இழுக்க ஒரு மரக்கட்டையில் நாடாவைச் சுற்றிச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நெம்புங்கள். பிறகு ஆணி, வெட்டு, மடிப்பு, மேலே இன்னும் மூன்று ஆணி. நாடாக்களுக்கு இடையே ஒரு நாடா அகலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. குறுக்கு நாடாக்களை நெடுக்கு நாடாக்களில் மேலும் கீழுமாகப் பின்னி எடுங்கள். விரலால் சுண்டினால் மத்தளம்போல் ஒலிக்க வேண்டும்.

ஸ்பிரிங் கட்டுவது

நாற்காலியின் உயிர் இங்கே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் பொறுமை போனாலும் இந்தக் கட்டத்தில் போகக் கூடாது.

ஸ்பிரிங் உடுக்கை வடிவில் இருக்கும். நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்தது. பழைய ஸ்பிரிங்குகளைச் சமதளத்தில் வரிசையாக நிறுத்துங்கள். நேராக நின்று, ஒரே உயரத்தில் இருந்து, அழுத்தி விட்டால் பழைய உயரத்துக்கே திரும்பினால் அவற்றையே வையுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து ஒரு கை எண்ணெய் பூசினால் போதும். என்னுடைய ஒன்பதில் எட்டு தேறின. ஒன்றுக்கு மட்டும் அதே கம்பிக் கனத்தில் மாற்று தேட வேண்டியிருந்தது. இருக்கை ஸ்பிரிங்கையும் முதுகு ஸ்பிரிங்கையும் கலந்துவிடாதீர்கள். முதுகுக்கானது மெல்லிய கம்பி.

மூன்றுக்கு மூன்றாக நாடாச் சந்திப்புகளின் மேல் நிறுத்தி, கம்பியின் முடிச்சு முனை உட்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். முனை வெளியே பார்த்தால் ஒருநாள் துணியைத் துளைக்கும். ஒவ்வொரு அடிவளையத்தையும் தேன்மெழுகு தேய்த்த நூலால், வளைந்த ஊசி கொண்டு, நான்கு இடத்தில் நாடாவோடு தைக்க வேண்டும்.

இனி மேல்வளையங்களைக் கயிற்றால் பிணைப்பது. நன்கு முறுக்கிய, நீளாத சணல் கயிறு எடுங்கள். பின்சட்டத்தின் நடுவில் ஆணியடித்து, ஒரு முழக் கயிற்றை வால்போலத் தொங்கவிட்டு, மீதியை முன்னோக்கிக் கொண்டுவாருங்கள். 18 செ.மீ. உயர ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கி 13 செ.மீ. அளவில் நிறுத்தி, வளையத்தின் ஒரு பக்கம் ஒரு முடிச்சு, எதிர்ப்பக்கம் ஒரு முடிச்சு, அடுத்த ஸ்பிரிங். வெறுமனே சுற்றிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொன்றும் தனி முடிச்சாக இருந்தால்தான் ஓரிடத்தில் கயிறு அறுந்தாலும் மற்றவை நிற்கும். முன்னும் பின்னுமாக மூன்று வரிசை, இடமும் வலமுமாக மூன்று வரிசை, பிறகு மூலைவிட்டங்கள். தொங்கவிட்ட வாலைக் கடைசியில் ஓர ஸ்பிரிங்கின் மேல்வளையத்துக்குத் திரும்பக் கட்டினால் அது சட்டத்தின் பக்கம் சற்றே சாயும். நடு ஸ்பிரிங் நிமிர்ந்தும் ஓர ஸ்பிரிங்குகள் வெளியே சாய்ந்தும் நிற்க வேண்டும்.

முடிந்ததும் இரு உள்ளங்கையையும் பரப்பி மெல்ல அழுத்துங்கள். ஒன்பதும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து எழ வேண்டும். ஏதாவது ஒன்று கோணிக்கொண்டு திரும்பினாலோ கிறீச்சென்றாலோ அதன் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். நான் முதல் முறை கட்டியதைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் மட்டும் தடவினார். "தம்பி, இடது பின்மூலை தாழ்ந்திருக்கிறது" என்றார். அளந்து பார்த்தேன். அரை அங்குலம் தாழ்ந்துதான் இருந்தது. அன்று மாலை முழுவதையும் அவிழ்த்தோம்.

நார், ஊசி, விளிம்பு

ஸ்பிரிங்கின் மேல் கனமான சாக்குத் துணி விரித்து ஓரங்களில் ஆணியடித்து, ஒவ்வொரு மேல்வளையத்தையும் மூன்று இடத்தில் துணியோடு தைத்துவிடுங்கள். அதன் மேல் நீண்ட தளர்தையல்கள் ஓட்டி, கை நுழையும் அளவுக்கு நூல் வளையங்கள் விடுங்கள். அந்த வளையங்களின் அடியில்தான் நாரைச் செருக வேண்டும். அப்போதுதான் நார் நகராது.

தேங்காய் நார் இந்த வேலைக்கு நம்முடைய கொடை. ஆங்கிலேயக் குஷன் பட்டறைகளும் முதல் திணிப்புக்கு இதையே பயன்படுத்தின. கயிறு திரிக்காத, கழுவிய நாரை வாங்கி, கட்டி இல்லாமல் பிய்த்து உதிர்த்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அடுக்குங்கள். ஓரத்தில் அதிகமாக, அழுத்தமாக வையுங்கள். மேலே மெல்லிய சாக்குத் துணி போர்த்தி, நடுவில் இருமுனை நீள ஊசியால் மேலும் கீழும் குத்தி இழுத்து, நார் நடுவில் அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி தையுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பை அரத்தால் சாய்வாகச் சீவி, துணியின் ஓரத்தை உள்ளே மடித்து அந்தச் சாய்வில் நெருக்கமாக ஆணியடிக்க வேண்டும்.

அடுத்தது விளிம்புத் தையல். ஊசியைச் சட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் குத்தி, மேலே நுனி தெரிந்தாலும் முழுவதும் வெளியே எடுக்காமல், நாருக்குள்ளேயே திருப்பி, இரண்டு விரல் தள்ளிக் கீழே கொண்டுவந்து, நூலைச் சுற்றி இழுங்கள். மேலே ஒரு தையலும் தெரியாது. உள்ளே இருக்கும் நார் முழுக்க ஓரத்துக்கு இழுபடும். இந்த மறைதையல் இரண்டு வரிசை போட்ட பிறகு, மேலே வெளிப்பட்டுத் திரும்பும் தையல் ஒரு வரிசை. அது கட்டைவிரல் பருமனில் உருளையான வரப்பு ஒன்றை எழுப்பும். அந்த வரப்புதான் நாற்காலியின் கூர்மையான முகத்தோற்றத்துக்குக் காரணம். ஃபோமில் அது வராது. விரலால் கிள்ளினால் காய்ந்த கயிறுபோல் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் ஒரு நீள ஊசியைக் குத்தி நாரை ஓரத்துக்கு நெம்பிவிட்டுப் பிறகு தையுங்கள்.

எனக்கு முன்விளிம்பு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. விரல் முட்டிகளில் நூல் அறுத்த கோடுகள் ஆற ஒரு வாரம் ஆனது. தோல் கையுறையின் சுண்டுவிரல் பகுதியை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

வரப்புக்குள் உருவாகும் பள்ளத்தில் கழுவிய குதிரை முடியைப் பரப்பி, மேலே பஞ்சு விரிப்பு வைத்து, காடாத் துணியால் இழுத்து மூடுங்கள். பஞ்சு இல்லாமல் விட்டால் முடி துணியைத் துளைத்துக்கொண்டு வந்து குத்தும். குதிரை முடி போதாதபோது நான் உதிர்த்த தேங்காய் நாரைக் கலந்தேன், குறை தெரியவில்லை. இலவம் பஞ்சு இருக்கைக்கு வேண்டாம், சீக்கிரம் அமுங்கி மாவாகும். தலை சாயும் இடத்துக்கு மட்டும் சரி. காடாவோடு நிறுத்தி ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பள்ளமோ மேடோ இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

கைப்பிடிகளுக்கும் முதுகுக்கும் இதே முறைதான், திணிப்பு மட்டும் குறைவு.

துணி

வாங்கும்போது தேய்மானச் சோதனை எண்ணை, அதாவது துணி எத்தனை உரசல் தாங்கும் என்ற கணக்கைக் கேளுங்கள். மார்ட்டிண்டேல் என்று அட்டையில் இருக்கும். எப்போதாவது உட்காரும் நாற்காலிக்கு 15,000 போதும், தினமும் உட்காருவதற்கு 25,000க்குக் குறையாமல் பாருங்கள். பட்டு வெயிலில் இற்றுப்போகும். தோல் நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கரூர், சென்னிமலைத் தறிகளில் நெய்யும் கனத்த பருத்தி எனக்குப் பிடித்தது. பவானி ஜமக்காளத்தைக் கொண்டு சிலர் முயல்கிறார்கள். தட்டையான இருக்கைக்கு அழகாக இருக்கும், ஆனால் மூலையில் மடிக்க முடியாத தடிமன். என் நாற்காலிக்கு அந்தக் கிளிப்பச்சைத் துண்டைச் சாயப் பட்டறையில் காட்டிப் பருத்தியைச் சாயம் தோய்த்து வாங்கினேன். 140 செ.மீ. அகலத்தில் நான்கு மீட்டர் ஆனது. பெரிய பூவேலை இருந்தால் ஒரு மீட்டர் கூடுதலாக எடுங்கள்.

சட்டத்தின் முன்நடுவிலும் பின்நடுவிலும் சாக்பீஸால் குறியிட்டு, துணியின் நடுவையும் சிறு வெட்டுப் போட்டு அடையாளம் செய்து, இரண்டையும் பொருத்தித்தான் தொடங்க வேண்டும். ஆணிகளை முதலில் பாதி மட்டும் இறக்கி, நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்துச் சரிசெய்த பிறகு முழுதும் அடியுங்கள். கைப்பிடித் தூண் குறுக்கிடும் இடத்தில் துணியைக் கவட்டை வடிவில் வெட்ட வேண்டும். ஒரு விரல் அகலம் குறைவாகவே வெட்டி, செருகிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். கூடுதலாக ஒரு தடவை கத்தரி போனால் முழுத் துண்டும் வீண். வெல்வெட் என்றால் அதன் மயிர்ச்சாய்வு முதுகில் மேலிருந்து கீழாகவும் இருக்கையில் பின்னிருந்து முன்னாகவும் ஓட வேண்டும்.

வெளிமுதுகின் ஓரங்களை வளைந்த ஊசியால் கையால் தைத்து மூடுங்கள். பித்தளைக் குமிழ் ஆணி அடிப்பதாக இருந்தால் முன்பே மெல்லிய கோடு போட்டு, நுனியில் துணி சுற்றிய சுத்தியால் தட்டுங்கள். கடைசியாக அடித்துணி. அதை மூடும் முன் என்ன மாற்றினீர்கள், என்ன பழையது, எந்த ஆண்டு என்று ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி, அந்தப் பழைய துணித் துண்டுகளோடு ஒரு பருத்திப் பையில் போட்டு உள்சட்டத்தில் கட்டிவிடுங்கள். காலணாவும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

வீட்டில்

ஜன்னல் வெயில் நேராக விழாத இடம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. வீடு துடைக்கும் ஈரத் துணி காலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரக்குப் பூச்சு வெளுப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மாதம் ஒருமுறை மென்தூரிகையால் தூசி எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை மரத்துக்குத் தேன்மெழுகு. தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தின் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். முதல் மாதத்தில் இருக்கை ஒரு விரல் அளவு தாழும், அது இயல்பு. ஓரிரு ஆண்டு கழித்து எங்கோ ஒரு ஸ்பிரிங் முனகத் தொடங்கினால் மேல்துணியைத் தொடாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்து, அடித்துணியின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, அந்த ஸ்பிரிங்கின் அடித்தையலைத் தேடி மறுபடி தையுங்கள். பெரும்பாலும் அங்கேயே முனகல் நின்றுவிடும்.